இரண்டு தடவை உருண்ட போல்ட்

ஐம்பதில் ஒன்றைப் பார்த்தால் போதும். மீதி நாற்பத்தொன்பதையும் பார்த்ததாகவே அர்த்தம். மனித அறிவு ஏறிவந்த படிகளில் இதுதான் கடைசிப் படி. இதற்கு மேல் மொட்டைமாடிதான்.

வீட்டுக்கார அக்காவின் தம்பி இதைச் சொல்லும்போது டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொல்வார். பெரிய தொழிற்சாலை ஒன்றில் சரக்கைப் பரிசோதிக்கும் பிரிவில் ஆறு வருஷம் இருந்தவர். அங்கே ஆட்களைக் குறைத்தபோது ஐம்பதில் ஒருவராக இவரையும் குறைத்துவிட்டார்கள். அதிலிருந்து அக்கா வீட்டோடு இருக்கிறார். தெருவில் அவருக்குப் பெயர் சாம்பிள்.

சொன்னபடி வாழ்கிறவர் அவர். செய்தித்தாளில் ஒரு பக்கம் படிப்பார், உலகம் எப்படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார். அடுத்தவர் பேச்சில் ஒரு வாக்கியம் கேட்பார், பதில் சொல்லிவிடுவார். கல்யாண விஷயத்திலும் முறையை விடவில்லை. முதலில் பார்த்த பெண் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அதையே ஐம்பது பெண்களின் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு பெண் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

நான் அந்த வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம், நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். பட்டறையில் இருந்தது ஒரே மெஷின், போல்ட்டுக்கு மரை போடுகிற மெஷின். மரை என்றால் இரும்பை வெட்டி எடுப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். வெட்டுவதே கிடையாது. தலை மட்டும் வைத்து, உடம்பு வழவழவென்று இருக்கும் மொட்டைகள் வேறொரு பட்டறையிலிருந்து மூட்டையில் வரும். மேலே உள்ள கிண்ணத்தில் கொட்டினால், கிண்ணம் நடுங்கி நடுங்கி அவற்றை வரிசையில் நிறுத்தி, சரிவான பாதையில் கழுத்தால் தொங்கவிட்டு இறக்கும். கீழே இரண்டு அச்சுகள், உள்ளங்கை அகல எஃகுத் துண்டுகள், முகத்தில் சாய்வுக் கோடுகள். ஒன்று அசையாது. மற்றது முன்னும் பின்னும் ஓடும். மொட்டை இரண்டுக்கும் நடுவே மாட்டி, உள்ளங்கைகளுக்கிடையே விளக்குத் திரி உருள்வதுபோல் ஒரு உருள் உருண்டு, அந்தப் பக்கம் விழும்போது மரையோடு விழும். ஒரு தூள் உதிராது. நசுங்கிய இரும்பு போக்கிடம் இல்லாமல் கோடுகளுக்குள் பிதுங்கி மேடாக எழுந்து நின்றுவிடும். உள்ளே போனதைவிட வெளியே வந்தது சற்றுப் பருமனாக இருக்கும். கையில் எடுத்தால், அப்போதுதான் இட்ட முட்டை மாதிரி சூடு.

நிமிடத்துக்கு எழுபத்திரண்டு தடவை அடிக்கும். நான் குடிவந்து மூன்று மாதம் கழித்துக் காய்ச்சல் என்று டாக்டரிடம் போனேன். நாடி பிடித்துப் பார்த்துவிட்டு எழுபத்திரண்டு, சரியாக இருக்கிறது என்றார். இவ்வளவு காய்ச்சலிலுமா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த வீட்டில் திருகி வைத்த எதுவும் திருகியபடி இருக்காது. அலமாரிக் கதவின் கீல், ஜன்னல் கொக்கி, என் கட்டில் கால் எல்லாம் நாளுக்கு ஒரு நூல் என்று பின்வாங்கி, ஒருநாள் காலையில் தரையில் கிடக்கும். மெஷின் அதிர்ச்சிதான் காரணம் என்று எல்லாருக்கும் தெரியும். மெஷினுக்கு லீவு விட்ட வாரத்திலும் அப்படித்தான் கிடந்தன என்பதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை. அக்கா ஞாயிறு காலையில் திருப்புளியோடு வீட்டைச் சுற்றி வருவாள், செடிக்குத் தண்ணீர் விடுகிற முகத்தோடு.

அவள் வீட்டுக்காரரை எல்லாரும் அச்சுக்காரர் என்பார்கள். இருபத்திரண்டு வருஷம் அந்த மெஷின் பக்கத்தில் நின்றவர். காது ஏறக்குறைய போய்விட்டது. கத்தினால் பாதி கேட்கும், அதுவும் எந்தப் பாதி என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த வீட்டில் தட்டித்தான் பேசினார்கள். அக்கா விரலில் கிடக்கும் மோதிரத்தால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் ‘இங்கே பாருங்க’. இரண்டு தட்டினால் சாப்பாடு. மூன்று தட்டினால் தன்னைப் பற்றி ஏதோ கோள் என்பது சாம்பிளின் நம்பிக்கை. அச்சுக்காரர் முழங்கையை மேஜையில் ஊன்றியபடி அதைக் கேட்பார். எலும்பு வழியாகக் கேட்கிறது என்பார். எலும்புக்குச் செவிட்டுத்தனம் வராதாம்.

அக்காவின் வேலை அளவு பார்ப்பது. அவளிடம் இரண்டு எஃகு வளையங்கள் இருந்தன. ஒன்று ‘கோ’, போல்ட்டில் தடங்கலில்லாமல் இறங்கவேண்டும். மற்றது ‘நோ கோ’, இறங்கவே கூடாது. ‘கோ’ வளையத்தை அவள் திருகமாட்டாள். போல்ட்டை நிமிர்த்திப் பிடித்து, வளையத்தை நுனியில் வைத்து விரலை எடுத்துவிடுவாள். மரை நன்றாக இருந்தால் வளையம் தன் கனத்திலேயே, யாரோ திருகுவதுபோலச் சுற்றிச் சுற்றி இறங்கும். முதல் தடவை பார்த்தபோது, யார் திருகுகிறார்கள் என்று மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். தேறிய சரக்கை இருநூறு இருநூறாகத் துணிப்பையில் கட்டி, ஒவ்வொரு பையிலும் ‘சரிபார்த்தேன்’ என்று சீட்டு எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அந்தக் கையெழுத்துக்கு ஊரில் மரியாதை உண்டு. அவள் பை திரும்பி வந்ததில்லை.

அந்த வாரம் ஓடியது ஒரு ஆஸ்பத்திரிச் சாமானுக்கான சரக்கு. எழுந்திருக்க முடியாத நோயாளியைத் துணித் தொட்டிலில் வைத்துக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் இறக்குகிற தூக்கி. அதன் கையையும் கம்பத்தையும் சேர்த்துப் பிடிப்பது ஒரே ஒரு போல்ட். விரல் தடிமன். ஆறாயிரத்து இருநூறு கேட்டிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை ஒரே மூச்சில் ஓட்டி முடித்தார்கள். வியாழன் நாலு மணிக்கு வேன் வரும்.

புதன் காலையில் நான் இறங்கிவந்தபோது அச்சுக்காரர் மெஷினின் பெல்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கூடையைப் பார்த்தபடி நின்றிருந்தார். ராத்திரி தூங்கவில்லை என்று அக்கா சொன்னாள். நேற்று மத்தியானம் சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிடும்போது, தண்ணீர் டம்ளரின் விளிம்பு பல்லில் பட்டிருக்கிறது. முழங்கை மேஜையில், மேஜை சுவரில், சுவர் மெஷினில். டக், டக் என்று வந்துகொண்டிருந்த அடி, ஒரே ஒரு தடவை சற்று நின்று, டடக் என்று வந்ததாம்.

“ஒண்ணு ரெண்டு தடவ உருண்டிருக்கு,” என்றார் அச்சுக்காரர். தனக்குக் கேட்காததால் அவர் எப்போதும் மெதுவாகவே பேசுவார், பக்கத்தில் யாரோ தூங்குகிற மாதிரி.

இரண்டு தடவை உருண்டால் என்ன என்று நான் கேட்டேன். அக்கா சொன்னாள். ஒரு உருளில் இரும்பு எவ்வளவு பிதுங்க முடியுமோ அவ்வளவும் பிதுங்கிவிடும். மறுபடி நசுக்கினால் போக இடமில்லை. மரைக்கு அடியில் செதில் செதிலாகப் பிளந்துகொள்ளும். வெளியே பார்த்தால் தெரியாது, மற்றதைவிட மினுக்கும். வளையமும் காட்டிக்கொடுக்காது, வழுக்கிக்கொண்டு இறங்கும். பாரம் ஏறுகிற அன்றைக்குத்தான் தலை தனி, உடம்பு தனி.

சாம்பிள் டீ டம்ளரைக் கீழே வைத்தார். மாமாவுக்குக் காதுதான் போயிற்று என்று நினைத்தேன், இப்போது பல்லுக்குக் காது முளைத்துவிட்டது, அடுத்த வாரம் மூக்கால் சாப்பிடுவார் என்றார். டம்ளரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் என்ன சொல்லும் என்று கேட்டார். பிறகு ஐம்பதில் ஒன்றாக நூற்று இருபத்துநாலு போல்ட்டைப் பொறுக்கி, அக்காவின் இரண்டு வளையங்களையும் போட்டுப் பார்த்தார். நூற்று இருபத்துநாலும் தேறின. முடிந்தது என்று கையைத் தட்டினார்.

அச்சுக்காரர் அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெஷின் பக்கவாட்டில் இருக்கும் சின்னக் கவுண்டரைக் காட்டினார். அச்சு முன்னால் ஓடும் ஒவ்வொரு தடவையும் ஒரு நெம்புகோல் அதைத் தட்டும். ஒரு எண் ஏறும். செவ்வாய்க்கிழமை பூஜ்யத்தில் ஆரம்பித்தது. இப்போது ஆறாயிரத்து இருநூற்று ஒன்று.

எனவே எண்ணினோம். நான் கல்லூரியில் கணக்கு படித்துக்கொண்டிருந்தேன். என் படிப்பால் மனித குலத்துக்குக் கிடைத்த முதல் பயன் அதுதான். ஐம்பது ஐம்பதாகக் குவித்து, அக்காவும் நானும் தனித்தனியே இரண்டு முறை எண்ணினோம். சாம்பிள் ஒரு குவியலை மட்டும் எண்ணிவிட்டு, சரியாக இருக்கிறது என்று அறிவித்தார். பொழுது சாயும் முன் முடித்தோம். ஆறாயிரத்து இருநூறு. அடித்தது ஒன்று கூடுதல், விழுந்தது ஒன்று குறைவு.

ஒரு தடவை மொட்டை இறங்காமல் மெஷின் சும்மா அடித்திருக்கும் என்றார் சாம்பிள். இதற்கெல்லாமா ஒரு மனுஷன் தூங்காமல் இருப்பான். அச்சுக்காரர் இல்லையென்று தலையாட்டினார். சும்மா அடித்தால் சத்தம் ஒல்லியாக வரும், இது அப்படி இல்லை என்றார். சொல்லிவிட்டு மேஜையில் முழங்கையை ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டார். பெல்ட் ஆணியில் தொங்கியது. மெஷின் ஒரு நாளாகப் பிணம் மாதிரி கிடந்தது. ஆனாலும் அவர் எதையோ கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

“என்ன கேக்குது?” என்று அக்கா மோதிரத்தால் தட்டி, கையை விரித்துக் காட்டினாள்.

“அதேதான். ரெண்டு தடவ அடிக்குது. கூடைக்குள்ள இருந்து.”

அக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். நானும் சாம்பிளும் பின்னால் போனோம். தெருவில் மற்றப் பட்டறைகள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் தம்பியைப் பார்க்காமல் பேசினாள்.

“அவரு சொல்றது நெசம்னா, என் கையெழுத்து ஒரு ஆளத் தூக்கிக் கீழ போடும். நெசம் இல்லேன்னா, என் புருஷனுக்குப் புத்தி கழண்டுருச்சு. ரெண்டுல எது நெசமா இருக்கணும்னு நான் வேண்டிக்கட்டும்? நீதான் பெரிய பரிசோதனைக்காரன் ஆச்சே, சொல்லு.”

சாம்பிள் வாயைத் திறந்தார். பொருத்தமாக ஒன்றும் வராததால் மூடிக்கொண்டார். இப்படி நடப்பது ஐம்பதில் ஒரு தடவை.

வியாழன் காலை ஆறு மணிக்கு அச்சுக்காரர் பட்டறைத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டார். முன்னால் ஒரு இரும்புப் பலகை, கனமானது, நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு வைத்துத் தரையில் படாமல் நிறுத்தியது. பலகையின் விளிம்பில் ஒரு முழ நீளக் கம்பியின் ஒரு முனை. மறுமுனை அவர் பல்லில். வலது கையால் ஒரு போல்ட்டை எடுத்து ஒரு சாண் உயரத்திலிருந்து பலகையில் போடுவார். விரிசல் இல்லாத இரும்பு மணி மாதிரி நீளமாக ஒலிக்கும்; பிளந்தது பொத்தென்று நிற்கும். அந்த வித்தியாசம் கம்பி வழியாகப் பல்லுக்கு வரும் என்பது அவர் கணக்கு. கேட்டதும் இடதுபக்கப் பையில் போடுவார், அடுத்தது. ஆறாயிரத்து இருநூறும்.

எனக்கு அது என்னவோ செய்தது. மேலே அறையில் உட்கார்ந்து படிக்க முடியவில்லை. டிங். கொஞ்ச நேரம். டிங். கீழே ஒரு மனிதர் இரும்பைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தபின் பாடப்புத்தகத்தில் என்ன இருந்தாலும் அற்பமாகத்தான் தெரியும். இறங்கி வந்தேன்.

சாம்பிள் அதற்குள் தெருவுக்கே சொல்லிவிட்டிருந்தார். எதிர்ப் பட்டறைக்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். டாக்டர் காதில் குழாய் வைப்பார், எங்க மாமா வாயில் வைப்பார், அவ்வளவுதான் வித்தியாசம் என்று சாம்பிள் விளக்கினார். ஒவ்வொரு போல்ட்டிடமும் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று விசாரித்து அனுப்புகிறாராம். தலைவலி என்று ஒன்று சொன்னால் அதற்கு ஓய்வு கொடுப்பாராம். எங்கள் தொழிற்சாலையில் ஒருவன் இப்படிச் செய்திருந்தால் வாசல் காவல்காரரே வந்து தூக்கிக்கொண்டு போயிருப்பார் என்றார். நானும் சிரித்தேன். அச்சுக்காரர் எங்கள் வாயசைவைப் பார்த்துவிட்டு, அடுத்ததைப் போட்டார்.

பத்து மணிக்கு அக்கா ரொட்டியும் அவித்த முட்டையும் கொண்டுவந்து இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் கம்பியை எடுத்துவிட்டுச் சாப்பிட்டார். மென்ற பக்கம் வலித்திருக்க வேண்டும். முட்டையை மட்டும் விழுங்கிவிட்டு ரொட்டியைத் தள்ளிவைத்தார். என்னைப் பார்த்து, “வேணும்னா கடிச்சுப் பாரு,” என்று கம்பியை நீட்டினார்.

நான் துடைத்துவிட்டுக் கடித்தேன். அக்கா ஒரு போல்ட்டைப் போட்டாள். அதைச் சத்தம் என்று சொல்ல முடியாது. மண்டைக்குள் ஒரு அறை திறந்து, அங்கே யாரோ மணியடித்துவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். அது அடங்கியபின் நான் கம்பியை எடுக்கவில்லை. அடங்கிய இடத்தில் வேறொன்று இருந்தது. டக். டக். டக். வெகு தூரத்தில், தரைக்குக் கீழே எங்கோ, நிதானமாக. நிமிர்ந்து மெஷினைப் பார்த்தேன். பெல்ட் ஆணியில்தான் தொங்கியது.

நாடித் துடிப்புதான் அது. பல்லின் வேரிலும் நாடி உண்டு என்று பிறகு எங்கோ படித்தேன். ஆனால் அன்று கம்பியை எடுத்துவிட்டு மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தபோது, என் நாடி ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே கேட்டதோ கொஞ்சமும் அவசரப்படாதது.

“கேட்டுச்சா?” என்றார் அச்சுக்காரர். நான் தலையாட்டினேன். அவர் கம்பியை வாங்கிக்கொண்டார். கேட்டதைப் பற்றிச் சாம்பிளிடம் நான் சொல்லவில்லை.

ஒரு மணி வாக்கில் மழை பிடித்துக்கொண்டது. பட்டறைக்குத் தகரக் கூரை. தகரத்தில் மழை விழுந்தால் பேச்சு முடிந்தது. தெருவே கொதிக்கிற மாதிரி இருக்கும். பகலிலேயே பல்பு போட வேண்டியிருந்தது. அச்சுக்காரருக்கு மட்டும் மழை வந்ததே தெரியாது. அவர் பாட்டுக்கு ஒன்றை எடுத்தார், போட்டார், கேட்டார். எங்களுக்கு அந்த டிங் கூடக் கேட்கவில்லை. இரும்பு விழுகிறது, சத்தமில்லை. அவர் கேட்கிறார், நாங்கள் செவிடர்களாக நிற்கிறோம்.

இருபத்துநான்காவது பையைக் கட்டும்போதுதான் அக்கா பார்த்தாள். கம்பி வழியாகச் சிவப்பாக ஒரு கோடு இறங்கி, பலகையில் சொட்டிக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கம்பியைப் பிடுங்கினாள். ஈறு கிழிந்திருந்தது. முன்பல் ஒன்று அவள் விரல் பட்டதும் ஆடியது. அவர் எதிர்க்கவில்லை. எழுந்திருக்க முடியாமல் சுவரில் சாய்ந்தபடி, மீதியிருந்த கூடையைக் காட்டினார்.

“நாலாயிரத்து எண்ணூறு பாத்தாச்சு. அதுல இல்ல. இதுலதான் இருக்கு,” என்றார். உதட்டில் ரத்தம் இருந்தது. குரல் வழக்கம்போல, தூங்குகிறவரை எழுப்பாத குரல்.

அக்கா அவரைத் தாங்கி உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தாள். வாயைக் கழுவிவிட்டு, பஞ்சு வைத்துவிட்டு வந்தாள். நேராகத் தம்பியிடம் வந்தாள். மழையில் கேட்க வேண்டுமே என்று முகத்துக்கு வெகு கிட்டத்தில் நின்றாள்.

“செவ்வாக்கிழம அவரு சாப்பிடப் போனப்ப மெஷின்ல நின்னது யாரு?”

“நான்தான். ஏன்?”

“எதுவும் மாட்டுச்சா?”

சாம்பிள் மெஷினைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எங்கள் மூன்று பேரிடமும் உதவி கிடைக்கவில்லை.

“ஒண்ணு மாட்டுச்சுக்கா. பாதி உருண்டுட்டு நின்னுருச்சு. சுவிட்ச அணைச்சு, சக்கரத்தக் கையால பின்னாடி ஒரு சுத்து சுத்தி, மறுபடி விட்டேன். விழுந்துருச்சு. அதுக்கப்புறம் சரியாத்தான் ஓடுச்சு.”

“விழுந்தத எடுத்துப் பாத்தியா?”

“பாத்தேன். நல்லாத்தான் இருந்துச்சு. மத்ததவிட பளபளன்னு.”

“எடுத்துத் தனியா வெச்சியா?”

அவர் கீழே பார்த்தபடி சொன்னார். “அது நாப்பத்தொம்பதுல ஒண்ணுக்கா. சாம்பிள் இல்ல.”

அக்கா திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவரும் எதிர்பார்த்திருக்க வேண்டும். தோளைக் குறுக்கி வைத்திருந்தார். அவள் உள்ளே போய்விட்டாள். கட்டில் சட்டத்தில் மோதிரம் தட்டுவது, சுவரில் ஊன்றிய என் கைக்கு லேசாக வந்தது. நெடுநேரம் தட்டினாள், நாங்கள் அதுவரை கேட்டிராத நீளத்துக்கு. திரும்பி வந்தபோது அவள் முகத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றாக இருந்தன. புருஷனுக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்பது ஒன்று. மற்றது கூடையில் இருந்தது.

“சிரிச்சாரு,” என்றாள். “வேன் நாலு மணிக்கு வரும். மீதி ஆயிரத்து நானூறையும் பாக்காம நான் ஒரு சீட்டுலயும் கையெழுத்துப் போடமாட்டேன். வேன் சும்மா போகட்டும்.”

தானே சாக்கில் உட்காரப் போனாள். சாம்பிள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். என் காது நல்லாத்தானே இருக்கு, கம்பியெல்லாம் எதுக்கு, நான் கேட்டே சொல்றேன் என்றார். உட்கார்ந்து ஒன்றை எடுத்துப் போட்டார். காதைப் பலகை வரைக்கும் தாழ்த்தினார். இன்னொன்று போட்டார். ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறுபடி போட்டார். கூரைமேல் மழை கொட்டித் தீர்த்தது. பலகையில் இரும்பு விழுந்து துள்ளியதைக் கண்ணால்தான் பார்க்க முடிந்தது. பத்துப் பதினைந்து போட்டிருப்பார். மழை விடுகிற மாதிரி இல்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒன்று முப்பத்தைந்து.

அவர் கம்பியை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்தார். ரத்தம் முழுதாகப் போகவில்லை. எதிர்ப் பட்டறை வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார். தலை லேசாகக் குனிந்தது. தோள் ஒரு தடவை தூக்கிப்போட்டது.

என்ன கேட்டது என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆனால் முதல் போல்ட்டைப் போடுவதற்கு முன்பே அவர் தலை திரும்பி, ஆணியில் தொங்கிய பெல்ட்டைப் பார்த்துவிட்டு முன்னால் திரும்பியது.

நான் கூடையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், அவர் போட்டார், அக்கா பையில் சேர்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கில் விரல்கள் கறுத்தன. இரண்டு மணிக்கு அக்கா கொண்டுவந்த சோறு ஆறிப்போயிற்று. மூன்று மணிக்கு வேன்காரர் போனில் கூப்பிட்டு, வழியில் தண்ணீர் நிற்கிறது, ஆனாலும் வந்துவிடுவேன் என்றார். அக்கா சரி என்று மட்டும் சொன்னாள். சாம்பிளின் கன்னத் தசை இறுகி இறுகி, பக்கவாட்டில் பார்த்தால் அச்சுக்காரர் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருந்தது. ஒரு தடவை எனக்கு உண்மையாகவே சந்தேகம் வந்து முன்பக்கமாகப் போய் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தேன்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒன்றைப் போட்டுவிட்டு, கை அடுத்ததற்கு வரவில்லை.

அதையே எடுத்து மறுபடி போட்டார். மூன்றாவது தடவையும் போட்டார். பிறகு கம்பியை வாயிலிருந்து எடுக்காமலே, போல்ட்டை அக்காவிடம் நீட்டினார். அழகான போல்ட். கடையில் வைத்தால் முதலில் அதைத்தான் எடுப்போம். அக்கா ‘கோ’ வளையத்தை அதன் நுனியில் வைத்து விரலை எடுத்தாள். வேறு எதிலும் அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. நிற்காமல், தடுமாறாமல், ஆசையாக இறங்கியது. அவள் வளையத்தைக் கழற்றினாள். போல்ட்டின் உடம்பை மெஷின் பக்கத்தில் பூட்டியிருந்த வைஸ் பிடியில் இறுக்கி, தலையின் பக்கவாட்டில் சுத்தியலால் ஒன்று வைத்தாள். பலமாகக்கூட இல்லை, ஆணி அடிக்கிற அளவுதான். தலை தெறித்துக் கூடைக்கு அடியில் உருண்டது.

அதே நொடியில் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு வந்தது. ஒரே ஒரு தட்டு. உள்ளே படுத்திருந்தவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அக்கா சுவரைப் பார்த்தபடி நின்றாள். பிறகு மோதிரத்தால் அதே இடத்தில் திருப்பி ஒன்று தட்டிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தாள். சீட்டுகளை அடுக்கி, முதல் சீட்டில் கையெழுத்துப் போட ஆரம்பித்தாள். மழை குறைந்திருந்தது. தெருமுனையில் வேன் ஹாரன் கேட்டது.

“போதும்டா, கெடச்சிருச்சு,” என்றாள். “மீதிய அப்படியே பையில கட்டிரு.”

கூடையில் இன்னும் இருநூற்று ஐம்பது இருந்தன. கவுண்டர் கணக்குப்படி அதில் ஒன்றைக்கூடப் பார்க்க வேண்டியதில்லை. ஐம்பதில் ஒன்று கணக்குப்படி ஐந்தைப் பார்த்தால் போதும். சாம்பிள் எழுந்திருக்கவில்லை. வாயில் கம்பி இருந்தது. கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துப் போட்டார். கேட்டார். அடுத்ததைப் போட்டார். வேன்காரர் வாசலில் வந்து நின்று, குடையை மடக்கிக்கொண்டே, என்ன நடக்கிறது என்று என்னைக் கண்ணால் கேட்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று. நாலு. ஐந்து முடிந்தது.

சாம்பிள் கம்பியைப் பல்லில் சரியாகப் பொருத்திக்கொண்டு, ஆறாவதைப் போட்டார்.